கைக்கு அளவான கத்தி

நல்ல கத்தி ஒன்று வாங்கியே தீருவது என்று அன்புராஜா ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், தொழிற்சாலைக் கன்டீனில் இருந்தபடி தீர்மானம் எடுத்தார். அதுவரையில் கத்தி என்ற சாமானைப் பற்றி அவர் எந்தத் தீர்மானமும் எடுத்ததில்லை. குசினியில் எந்த லாச்சியை இழுத்தால் கத்தி இருக்கும் என்று கேட்டால், சுவர்ப்பக்கமாக ஒரு விரலைப் பொதுவாக நீட்டக்கூடிய மனுசன்.

தீர்மானத்துக்குக் காரணம் ஸ்ரிபன். டென்மார்க்கில், ரண்டர்ஸ் நகரத்துக்கு வெளியே காற்றோட்டக் குழாய்கள் செய்கிற அந்தத் தொழிற்சாலையில் அன்புராஜாவோடு ஒரே மேசையில் சாப்பிடுகிற டெனிஷ்காரன். ஆள் ஒரு வேட்டைப் பைத்தியம். மாதக் கடைசியில் ஒரு பண்ணைக்காரருடைய வேலி போட்ட காட்டுக்குள் காட்டுப்பன்றி சுடப்போவதாகவும், சுட்டதை வீட்டுக்குள் கொண்டுவந்தால் தன்னையும் பன்றியோடு சேர்த்து வெளியே அனுப்புவேன் என்று மனைவி மரினா சொல்லிவிட்டதாகவும் அவன் கவலைப்பட்டான். உனக்கு வேண்டுமென்றால் தருகிறேன், இறைச்சிக்கடையில் கொடுத்துத் துண்டுபோட்டு எடுக்கலாம் என்றான்.

'சரி, தா' என்று சொல்லிவிட்டுச் சோற்றைச் சாப்பிட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. அன்புராஜா நெஞ்சை நிமிர்த்தி, தோலோடேயே கொண்டுவா, எங்கள் ஊரில் காட்டுப்பன்றி வெட்டத் தெரியாத ஆம்பிளையே கிடையாது என்று சொல்லிவிட்டார். அவருடைய ஊர் யாழ்ப்பாணப் பட்டணம். தகப்பனுக்குப் பஸ் நிலையத்துக்குப் பின்னால் புடவைக்கடை. அன்புராஜாவுக்கு வெட்டத் தெரிந்தது சீத்தைத் துணி மட்டுந்தான். அதுவும் கத்தரிக்கோலால், தகப்பன் சோக்கட்டியால் கோடு போட்டுக் கொடுத்த பிறகு.

ஸ்ரிபன் கடித்துக்கொண்டிருந்த கறுத்தப் பாண் துண்டைக் கீழே வைத்துவிட்டு மரியாதையோடு அவரைப் பார்த்தான்.

"என்ன கத்தி வைச்சிருக்கிறாய்?"

அன்புராஜா வாயிலிருந்த சோற்றைத் தேவைக்கு மேலாகவே மென்றார். பிறகு, "நல்ல கத்தி" என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை விஷயம் சபைக்குப் போயிற்று. ஆராதனை முடிந்து தேத்தண்ணி குடிக்கிற நேரம் பாஸ்டர், இந்த வருசத்து நன்றியறிதல் ஆராதனைக்குச் சாப்பாட்டை எப்படிச் செய்யலாம் என்று யோசனையாகக் கேட்டார். கேட்டு முடிக்கவில்லை, அன்புராஜா கையைத் தூக்கினார். "பாஸ்டர், இந்த முறை காட்டுப்பண்டிக் கறி. எங்கட வீட்டில செய்வம்."

இந்த 'எங்கட வீட்டில செய்வம்' என்பது அன்புராஜாவின் பழைய வியாதி. உயிர்த்த ஞாயிறு, வாலிபர் கூட்டம், யாரோ ஒருவருக்கு வதிவிட அனுமதி கிடைத்த சந்தோசம், எதுவென்றாலும் வாய் அவருடையது. கை மனைவி ஜெபமலருடையது. சபை முழுவதுக்கும் வெங்காயம் உரித்து, இறைச்சி வெட்டி, அண்டாவில் கிண்டி இறக்குவது அவள். அவர் வாசலில் நின்று, "வடிவாச் சாப்பிடுங்கோ, வடிவாச் சாப்பிடுங்கோ" என்பார். ஜெபமலருக்கு வேலை முதியோர் இல்லத்தில். நாள் முழுக்கக் கிழவர் கிழவிகளைத் தூக்கித் தூக்கி வலது மணிக்கட்டு வீங்கிப்போய், டொக்டர் கொஞ்சக் காலம் கையை ஆறவிடச் சொல்லியிருந்தார். அன்புராஜா அதை மிகவும் அக்கறையாகக் கேட்டார். ஓமோம், ஆறவிடு என்றார். அந்தக் கிழமையே ஒரு பிறந்தநாளுக்கு ரோல்ஸ் செய்து தருவதாக யாருக்கோ சொல்லிவிட்டு வந்தார்.

இப்படியான ஒவ்வொரு முறையும் ஜெபமலர் கத்துவாள். காரில் கத்துவாள், வீட்டில் கத்துவாள். அன்புராஜா மழைக்கு மரத்தடியில் ஒதுங்கியவர்போல விடும்வரை பார்த்திருப்பார். அதனால் இந்த முறையும் கார்க் கதவைச் சாத்தியதும் தோள்களைக் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொண்டார்.

மழை வரவில்லை. ஜெபமலர் சீற் பெல்ற்றை மாட்டினாள். "காட்டுப்பண்டி நல்லதுதானப்பா. ஆனா அதுக்குக் கத்தி நல்லதா இருக்கோணும்" என்றாள்.

அன்புராஜாவுக்குக் காதை நம்ப முடியவில்லை. பாஸ்டரின் பிரசங்கம் இந்தளவுக்கு வேலை செய்யும் என்று அவர் நினைத்திருக்கவில்லை.

அன்றிலிருந்து அவர் கத்திப் படிப்பில் இறங்கினார். வேலை முடிந்து வந்தால் கைத்தொலைபேசியில் வீடியோ. அமெரிக்காவில் ஒருவன் பன்றி உரிப்பான், போலந்தில் ஒருவன் எலும்பு களைவான், மற்றொருவன் ஒன்றும் வெட்டாமல் கத்தியை மட்டும் ஒரு மணித்தியாலம் புகழ்வான். சாப்பாட்டு மேசையில் அன்புராஜா உருக்கின் கடினம் பற்றி விளக்கினார். படுக்கையில் அலகின் வளைவு பற்றி விளக்கினார். மகள் கிருபாஷினி, வீட்டில் சாப்பிட இருக்கிறதா அல்லது பாடம் மட்டுந்தானா என்று டெனிஷில் கேட்டுவிட்டு மாடிக்குப் போனாள். ஜெபமலர் மட்டும் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள். கேட்டதோடு நில்லாமல் ஒரு சந்தேகமும் எழுப்பினாள்.

"கத்தியைப் பற்றி இவ்வளவு சொல்லுறாங்கள். அதைப் பிடிக்கிற கையைப் பற்றி ஒண்டும் சொல்லேல்லையோ?"

இது அன்புராஜாவுக்குப் பெரிய விஷயமாகப் பட்டது. தான் கவனிக்காமல் விட்டதை மனைவி கவனித்துவிட்டாளே என்ற சின்ன எரிச்சலோடு, "அதைத்தான் நானும் யோசிச்சுக்கொண்டிருக்கிறன்" என்றார்.

சனிக்கிழமை இருவரும் வேட்டைச் சாமான் கடைக்குப் போனார்கள். தானும் வரட்டுமா என்று ஜெபமலர்தான் கேட்டாள். கடைக்குள் நுழைந்ததும் அன்புராஜாவின் கண் நேரே ஒரு கத்தியில் போய் நின்றது. முழங்கை நீளம். முதுகில் மரம் அரிகிற வாள்போலப் பல். மான்கொம்புப் பிடி. கண்ணாடிப் பெட்டிக்குள், தனி வெளிச்சத்தில், ராசா மாதிரிக் கிடந்தது.

"இதுதான்" என்றார்.

கடைக்காரர் வெள்ளைத்தாடி வைத்த, அவசரமில்லாத மனுசன். கத்தி எதற்கு என்று கேட்டார். காட்டுப்பன்றிக்கு என்றார் அன்புராஜா. உரிப்பதற்கா, எலும்பு களைவதற்கா என்று அவர் கேட்டார். எல்லாவற்றுக்கும் என்றார் அன்புராஜா. கடைக்காரர் தாடியைத் தடவினார். அந்தப் பெரிய கத்தியை வேட்டைக்காரர்கள் வாங்குவதில்லை, வேட்டைக்காரர்களுக்குப் பிறந்தநாள் பரிசு தேடுகிற மாமியார்மார்தான் வாங்குவார்கள், அது பிறகு சுவரில் தொங்கும் என்றார். ஜெபமலர் சிரிக்கவில்லை. துப்பாக்கி எண்ணெய்ப் போத்தல் ஒன்றை எடுத்து அதன் விளக்கத்தைக் கவனமாக வாசித்தாள்.

பிறகு கடைக்காரர் இரண்டு கத்திகளை எடுத்து மேசையில் வைத்தார். பார்வைக்கு எந்த விசேசமும் இல்லை. ஒன்று குட்டையானது, அலகு வயிறு வைத்தமாதிரி மேல்நோக்கி வளைந்திருந்தது. தோலுரிக்கிறபோது முனை இறைச்சிக்குள் குத்தாது என்றார். மற்றது ஒடுக்கமானது, லேசாக வளைந்து கொடுப்பது. எலும்பை ஒட்டியபடி போகும். உருக்கு அளவுக்கு மிஞ்சிக் கடினமாக இருந்தால் வீட்டில் தீட்ட முடியாது, காட்டுப்பன்றியின் மயிரில் காய்ந்த சேறு ஒட்டியிருக்கும், எந்தக் கத்தியும் மழுங்கத்தான் செய்யும், அதனால் தீட்டுகம்பியில் நாலு இழுவை இழுத்தால் கூர் திரும்புகிற நடுத்தர உருக்குத்தான் நல்லது என்றார். இரண்டுக்கும் பிடி செம்மஞ்சள் நிற ரப்பர். அன்புராஜாவின் முகம் விழுந்தது. மான்கொம்பு எங்கே, ரப்பர் எங்கே.

கடைக்காரர் ஒரு போத்தலை எடுத்து அன்புராஜாவின் உள்ளங்கையில் சமையல் எண்ணெய் விட்டார். முதலில் மான்கொம்புப் பிடியைக் கொடுத்தார். அது விலாங்கு மீன்போல வழுக்கியது. பிறகு ரப்பர் பிடி. அது கைக்குள் ஒட்டிக்கொண்டு நின்றது. அலகுப்பக்கம் விரல் போகாமல் தடுக்கிற மேடு ஒன்றும் இருந்தது. பன்றிக் கொழுப்பில் கை ஊறினபிறகு கத்தி வெட்டுவது பெரிய காரியமல்ல, கையில் நிற்பதுதான் பெரிய காரியம் என்றார் அவர்.

அப்போதுதான் ஜெபமலர் துப்பாக்கி எண்ணெய்ப் போத்தலை வைத்துவிட்டுக் கிட்ட வந்தாள். முதியோர் இல்லத்து நல்ல டெனிஷில், இந்தக் கத்தியை இரண்டுபேர் மாறி மாறிப் பாவிக்கலாமா என்று கேட்டாள்.

கூடாது என்றார் கடைக்காரர். பிடியில் அளவுகள் இருக்கின்றன. இது பெரிய கைக்கு. சின்னக் கை பிடித்தால் விரல்கள் முழுக்கச் சுற்றி வராது, வழுக்கும், வழுக்கினால் விரல் போகும். வேண்டுமானால் சின்ன அளவிலும் ஒன்று எடுக்கலாம்.

ஜெபமலர் கத்தியை வாங்கிப் பிடித்துப் பார்த்தாள். உண்மைதான். அவளுடைய விரல்கள் பிடியில் முக்கால்வாசி தூரம் போய் நின்றுவிட்டன. வருத்தமாகக் கணவனைப் பார்த்தாள்.

"எனக்கும் சின்னனில ஒண்டு எடுப்பமே?"

"உனக்கு என்னத்துக்கு? இது ஆம்பிளையள் பிடிக்கிற கத்தி."

"அதுவும் சரிதான்" என்றாள் ஜெபமலர். எவ்வளவு சுகமாக ஒத்துக்கொள்கிறாள் என்று அன்புராஜா பூரித்துப்போனார். பிடி கொடுத்தது கத்தி மட்டுமல்ல, தானுந்தான் என்பது அந்த நேரம் அவருக்குத் தெரியவில்லை. இரண்டு கத்திகளையும் ஒரு தீட்டுகம்பியையும் எடுத்தார்கள். இடது கைக்கு இரும்பு வலைக் கையுறை ஒன்றும், கழுத்திலிருந்து முழங்கால்வரை மறைக்கிற ஏப்ரன் ஒன்றும் அவளே தெரிவு செய்தாள். ஏப்ரனை அவர் முதுகில் வைத்து அளந்து பார்த்தாள்.

டென்மார்க்கில் காரணமில்லாமல் தெருவில் கத்தி கொண்டு திரிய முடியாது. அதனால் சபையில் கொண்டுபோய்க் காட்டுகிற பாக்கியம் அன்புராஜாவுக்குக் கிடைக்கவில்லை. அந்தக் குறையை வீட்டில் தீர்த்தார். புதுக் கத்தியால் கடதாசியை வெட்டிக் காட்டினார். தக்காளியைக் கண்ணாடிபோலச் சீவிக் காட்டினார். பிறகு குசினி லாச்சிகளைத் தேடிக் கண்டுபிடித்து, அங்கே கிடந்த பழைய கத்திகள் ஒவ்வொன்றையும் பெருவிரலால் தடவிப் பார்த்து, இதெல்லாம் வெண்ணெய் பூசத்தான் சரி, கழிவில் போடு என்று தீர்ப்புச் சொன்னார். கடைசியாக ஒரு சட்டமும் போட்டார்: புதுக் கத்திகளை இந்த வீட்டில் வேறொருவரும் தொடக்கூடாது.

"நான் ஏனப்பா தொடப்போறன்" என்றாள் ஜெபமலர்.

மாதக் கடைசிச் சனிக்கிழமை காலையில் ஸ்ரிபன் ட்ரெய்லரோடு வந்தான். பன்றியைக் காட்டிலேயே குடல் நீக்கி, இறைச்சியைச் சோதனைக்குக் கொடுத்து, சாப்பிடலாம் என்று பதிலும் வாங்கி, குளிரறையில் தொங்கவிட்டிருந்தானாம். தார்ப்பாயை நீக்கியதும், அன்புராஜாவின் வாயில் தயாராக இருந்த ஊர் வேட்டைக் கதைகள் எல்லாம் ஒரேயடியாகக் காணாமல் போயின. கிட்டத்தட்டக் கன்றுக்குட்டி அளவு. கறுத்த, முள்ளுமுள்ளான மயிர். ஒரு கண் அரைவாசி திறந்திருந்தது, அன்புராஜாவைத்தான் பார்த்தது.

கராஜுக்குள் தொங்கவிட்டார்கள். அன்புராஜா ஏப்ரனும் இரும்புக் கையுறையும் போட்டு, மனதுக்குள் ஒரு சின்ன ஜெபம் செய்துவிட்டு, வெளியிலிருந்து தோலில் கத்தியை வைத்து இழுத்தார். கறகறவென்று சத்தம் வந்தது. தோலில் ஒரு கீறல். கத்தி அந்த இடத்திலேயே மழுங்கிவிட்டது.

ஸ்ரிபன் நாகரிகமானவன். உங்கள் ஊர் முறை வேறாக இருக்கலாம், நாங்கள் இங்கே சின்னத் துளை போட்டு, அலகை உள்ளே விட்டு, தோலை உள்ளிருந்து வெளியே வெட்டுவோம், அப்போது மயிரும் சேறும் கூரில் படாது என்றான். அன்புராஜா, எங்களிடமும் அந்த முறை ஒன்று இருந்தது என்றார். தீட்டுகம்பியில் இழுத்தார். உள்ளிருந்து வெட்டினார். தோல் பட்டுத்துணி கிழிவதுபோலப் பிரிந்தது.

அதன்பிறகு நடந்ததை ஒளிக்காமல் சொல்லவேண்டும். மனுசனுக்கு வேலை பிடித்துவிட்டது. எலும்பின் வளைவில் அந்த ஒடுக்கமான அலகு தானாக வழி தேடிப் போவதை உணர்ந்தபோது அவருக்கு மேல் சிலிர்த்தது. தொடை கழன்றது, விலா கழன்றது. தான் கொடுத்த வாக்கு ஒன்றைத் தன்னுடைய கையாலேயே செய்வது எப்படியிருக்கும் என்பது அவருக்குப் புது அனுபவம். ஜெபமலர் தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்து, ஒவ்வொரு துண்டையும் பார்த்து மெச்சினாள். கறிக்கு என்றால் துண்டுகள் சின்னனாக, ஒரே அளவாக இருந்தால் நல்லது, தன்னுடைய கைக்குத்தான் அந்தக் கத்தி பொருந்தாதே என்றாள். அன்புராஜா சிரித்துக்கொண்டே கறித்துண்டும் போட்டுக் கொடுத்தார்.

பின்னேரம் இறைச்சிப் பாத்திரங்களைச் சுமந்துகொண்டு குசினிக்குள் போனபோது, சபையிலிருந்து இரவல் வாங்கிய அண்டா அடுப்பில் இருந்தது. பக்கத்தில் ஒரு மூட்டை வெங்காயம். ஜெபமலர் வேலைக்குப் போகிற உடுப்போடு, தோளில் பையோடு நின்றாள்.

"வெளிக்கிட்டு எங்க போறாய்?"

"எனக்கு இண்டைக்குப் பின்னேர வேலையப்பா. நீங்கள் வெங்காயத்தை வெட்டி வையுங்கோ."

"நானோ? நீ வெட்டிப்போட்டுப் போவன்."

"எதால வெட்டிறது? லாச்சியில ஒரு கத்தியும் இல்லை. நீங்கள் கழிவில போடச் சொன்னனீங்கள், போட்டிட்டன்."

அன்புராஜா லாச்சிகளை இழுத்துப் பார்த்தார். கரண்டி இருந்தது, முள்ளு இருந்தது, பாணுக்கு வெண்ணெய் பூசுகிற தட்டைக் கத்தி இருந்தது. வேறு ஒன்றும் இல்லை.

"அப்ப என்ர கத்தியால வெட்டு" என்றார். தன்னுடைய சட்டத்தைத் தானே நீக்குகிற பெருந்தன்மையோடு.

ஜெபமலர் வீங்கிய மணிக்கட்டைத் தூக்கிக் காட்டினாள். "என்ர கைக்கு அது வழுக்கும் எண்டு அந்த மனுசன் சொன்னது உங்களுக்கும் கேட்டதுதானே. விரல் போனா அந்தக் கிழவியளை ஆர் தூக்கிறது?"

அன்புராஜா குனிந்து மணிக்கட்டைப் பார்த்தார். அவள் சொன்னது உண்மை. அந்த வீங்கிய கையை அவர் இவ்வளவு கிட்டத்தில் வைத்துப் பார்த்ததும் அன்றைக்குத்தான். தூள் எங்கே, உப்பு எங்கே, எது முதலில் எது பிறகு என்று சொல்லிவிட்டு, மிச்சத்துக்குப் போன் எடுங்கோ என்றபடி அவள் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

பிறகு ரண்டர்ஸில் அந்தத் தெருவில் நடந்தது ஒரு பெரிய அழுகை. அன்புராஜா பன்றி வெட்டுகிற கத்தியால் வெங்காயம் வெட்டி அழுதார். கராஜைக் கழுவிவிட்டுப் புறப்படப் போன ஸ்ரிபனைப் பிடித்துப் பக்கத்தில் இருத்தி உள்ளி உரிக்கவைத்ததில், வெங்காய நெடிக்கு அவனும் அழுதான். செத்தல் மிளகாயை எண்ணெயில் போட்டதும் கூரையிலிருந்த புகைக் கருவி கத்தத் தொடங்கியது. கீழே கத்தியோடு அன்புராஜா, மேலே கத்தியபடி அது. கிருபாஷினி இறங்கி வந்து, நாற்காலியில் ஏறி அதன் வாயை மூடி, ஏப்ரனோடு நின்ற தகப்பனை ஒரு படம் எடுத்துக்கொண்டு திரும்பிப் போனாள். அன்புராஜா போனில் ஜெபமலரைக் கூப்பிட்டபடியே இருந்தார். தண்ணி காணுமோ, தேசிக்காய் எப்ப விடுறது, கறி ஏன் கறுக்குது. அவள் ஒருமுறைகூடச் சலித்துக்கொள்ளவில்லை. காட்டுப்பன்றி அவிய நேரமெடுக்கும், நெருப்பைக் குறைத்து வைத்துப் பக்கத்திலேயே இருங்கோ என்றாள். அவர் இருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை சபை மண்டபத்தில் அண்டா திறந்தபோது வாசனை பாட்டுக்காரரையே பாட்டு மறக்கவைத்தது. கறி நன்றாக வந்திருந்தது. கொஞ்சம் உறைப்புக் கூட; ஆனாலும் நன்றாக. சனம் இரண்டாந்தரம் வாங்கியது. வாசலில் நின்று 'வடிவாச் சாப்பிடுங்கோ' சொல்ல அன்புராஜாவுக்கு நேரமில்லை. ஏப்ரனோடு நின்று அள்ளிக் கொடுக்கவேண்டியிருந்தது. பெண்கள் மேசையில் யாரோ, உங்கட மனுசனை எப்படிக் குசினிக்குள் இறக்கினீர்கள் என்று கேட்டார்கள்.

"இவ்வளவு காலமும் நான் கத்திக் கத்திப் பார்த்தன், வரேல்லை" என்றாள் ஜெபமலர். "கடைசியில கத்தியோட தானே வந்திட்டார்."

பாஸ்டர் எழுந்து, வருகிற நத்தார்ப் பண்டிகைக்கும் பிரதர் அன்புராஜாவின் கையால்தான் சாப்பாடு என்று அறிவித்தார். எல்லோரும் கைதட்டினார்கள். அன்புராஜாவும் தட்டினார். தட்டி முடித்த பிறகுதான் விஷயம் உறைத்தது. இருந்தாலும், வந்த புகழை விட மனமில்லை. எல்லாம் தன்னுடைய தீர்மானத்தில் தொடங்கியதுதானே என்று தேற்றிக்கொண்டார்.

அந்த நேரம் ஸ்ரிபன் தன் மனைவி மரினாவைக் கூட்டிக்கொண்டு வந்தான். உயர்ந்த, சிரித்த முகமான பெண்மணி. அன்புராஜா கையைத் துடைத்துக்கொண்டு நீட்டுவதற்குள், அவள் அவரைத் தாண்டிப் போய் ஜெபமலரைக் கட்டிப்பிடித்தாள். ஜெபமலர் அவளுடைய சாப்பாட்டுக் கோப்பையில் இன்னும் இரண்டு துண்டு போட்டு, பழகின உரிமையோடு அவளுடைய முதுகில் தட்டினாள். இரண்டுபேரும் முதியோர் இல்லத்தில் ஒரே பகுதியில் வேலை செய்கிறவர்கள் என்று ஸ்ரிபன் சொன்னான். உனக்குத் தெரியாதா என்றும் கேட்டான். மனைவி வேலையிடத்தில் யாரோடு நிற்கிறாள் என்று அன்புராஜா ஒருநாளும் கேட்டதில்லை.

மரினா திரும்பி வந்து அவருடைய கையை இரண்டு கையாலும் பிடித்தாள். அவருக்கு விளங்கவேண்டுமே என்று டெனிஷை ஆறுதலாக, ஒவ்வொரு சொல்லாகப் பேசினாள்.

"மன்னிச்சுக்கொள் அன்பு. நீ முதல்முதலாச் சமைக்கப்போறாய், சின்னனாப் பார்த்துச் சுடச் சொல்லு எண்டு ஜெபா எனக்குப் படிச்சுப் படிச்சுச் சொன்னவ. இந்த ஸ்ரிபன்தான் கேக்கேல்லை."